பாதியில் நின்ற பட்டியல்

மழை நாட்களில் அந்தமானின் ஹேடோ துறைமுகம் என் ஜன்னலில் கரைந்துபோகும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து கப்பல் மெல்ல மெல்ல வரும். நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் என்னை மென்பொருள் எழுதத்தான் வைத்திருந்தார்கள், கனவு காண அல்ல.

கப்பல் சாமான் பட்டியலை எக்ஸ்எம்எல்லில் அமைத்தவன் நான்தான். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் அதன் பெயரை எழுதிவைக்கும் முறை அது. சென்னையில் எந்தக் கம்ப்யூட்டரில் எழுதினாலும் இங்கே எதிலும் படிக்கலாம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்தேன். போதாதென்று ஒவ்வொரு பெட்டியின் போட்டோவையும் எழுத்துகளாக மாற்றி அதற்குள்ளேயே திணித்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கப்பல் வரும் நாளெல்லாம் ஜன்னலுக்குக் கீழே ஊன்றுகோல்களோடு ஒருவர் வந்து நிற்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். விபத்தில் இடது கால் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாது என்பதால் கீழிருந்தே கேட்பார்: "தம்பி, லிஸ்ட் ஆ கயா க்யா? வந்திருச்சா?"

சென்னையில் அளவு கொடுத்த செயற்கைக் கால் கப்பலில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம்.

"வர்றவங்கள வாசல்ல நின்னு கை கூப்பி வாங்கன்னு சொல்லணும் தம்பி. இத ரெண்டு கக்கத்துலயும் வச்சுக்கிட்டு எப்படிக் கூப்புறது?"

கால் வரவேண்டிய கப்பல் வந்த அன்று, மழையில் நெட்டும் சென்னைக்கான போன் லைனும் செத்தன. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த பட்டியல் பாதியில் நின்றது. முழுசாக இல்லாத கோப்பை என் புரோகிராம் தொடவே மறுத்தது. மாலையில் கப்பல் கிளம்பிவிடும். இறக்காத பெட்டி மெயின்லேண்டுக்கே திரும்பும். கப்பலோடு வந்த காகிதத்தில் 'மருத்துவச் சாமான்கள்' என்று மொத்தமாக இருந்ததே தவிர, எது எங்கே என்று இல்லை. போட்டோக்கள் இல்லாதிருந்தால் பட்டியல் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் பாதிக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். போட்டோக்களின் அர்த்தமற்ற எழுத்துகள் பக்கம் பக்கமாக, வெளியே பெய்த மழை மாதிரியே ஓடின. தள்ளிக்கொண்டே போனேன். நடுவில், மனுஷன் படிக்கிற சொற்களில்: பொருள், செயற்கைக் கால், இடது. அடுத்த வரியில்: இடம், இரண்டாம் அறை, கீழ்த்தட்டு. புரோகிராம் ஒதுக்கியதை வெறும் கண் படித்துவிட்டது. எக்ஸ்எம்எல்லின் அருமையே அதுதான். அதைத்தான் நான் குப்பை போட்டு மூடிவைத்திருந்தேன்.

துறைமுகத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அரை மணியில் பதில் வந்தது: "மில் கயா, கிடைச்சிருச்சு." அன்றே போட்டோக்களையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கினேன்.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை மறுபடி மழை. பழக்கத்தில் ஜன்னலுக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. படியில் ஒரு காலடி கேட்டது. கொஞ்சம் நின்று, இன்னொன்று. கதவருகே வந்தவர் இரண்டு கையையும் கூப்பினார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.