பெரிய டாக்டரோட துண்டு

இன்னிக்கு தம்பியைப் பாக்க டிராம் புடிச்சுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தி, பினாயில் தண்ணியில கை கழுவச் சொன்னாங்க. மீன்காரின்னா கலீஜாம். கழுவினேன்.

தம்பிக்குக் குடலிறக்க ஆபரேசன். சீழ் புடிச்சது அங்க படுத்தப்புறம்தான். பென்சிலின் ஊசி போட்டுகினே கீறாங்க, கேக்கல. ஜொரத்துல பொலம்பிகினு கீறான்.

பெரிய டாக்டர் வந்தாரு. அவர் பின்னாடி ஒரு ஆளு, தோள்ல துண்டு.

பக்கத்துக் கட்டில்காரன் புண்ணை அமுக்கிப் பாத்தாரு. துண்டுல கையைத் தொடச்சாரு. அதே கையால என் தம்பி புண்ணை அமுக்கினாரு. அதே துண்டுல தொடச்சாரு.

"ஊசி ஏன் சார் கேக்கல?"ன்னேன்.

"இந்த வார்டு கிருமி பென்சிலினுக்குப் பழகிப்போச்சு. எல்லார் புண்லயும் அதேதான் இருக்கு. குப்பத்துலேர்ந்து நீங்கதான் கொண்டுவந்து சேக்கிறீங்க."

"எங்க குப்பத்துல பென்சிலினை யாரும் கண்ணால பாத்ததில்ல சார். அங்க கீற கிருமி எப்டி அதுக்குப் பழகும்?"

பெரிய டாக்டர் துண்டுக்குக் கையை நீட்டிகினே அடுத்த கட்டிலுக்குப் போய்ட்டாரு.

பினாயில் வாளி இன்னும் வாசல்லதான் கீது. அதை அவராண்ட யார் தூக்கினு போறது, நீங்களே சொல்லுங்க.