தற்செயலாகப் பார்த்த மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பெண் பார்க்க யாரும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, "போய் போன் பண்றோம்" என்று கிளம்பி, அப்புறம் போனே வராவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. அதனால் இரண்டு குடும்பமும் ஏதாவது பொது இடத்துக்குப் போய்த் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். என்னை மயிலம் கோயிலில் பார்த்திருக்கிறார்கள், ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறார்கள், யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தில் சாப்பிடும்போது பார்த்திருக்கிறார்கள். முப்பத்தொரு வயதில் எனக்கு இந்த நாடகம் மனப்பாடம். யாரும் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

போன பங்குனியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாண்டிச்சேரி பீச்சில் பார்க்கலாம் என்றார். மாப்பிள்ளை வீடு விழுப்புரம், நாங்கள் திண்டிவனம், இரண்டு பேருக்கும் பாண்டி பக்கம்தான். அப்பா வரவில்லை. நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் வந்திருந்தது. பட்டுப்புடவை கூடாது, நகை கூடாது, ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி இருக்க வேண்டும் என்று மாமா உத்தரவு போட்டிருந்தார். அம்மா என்னவோ பேருந்திலேயே என் முகத்துக்கு மூன்று தடவை பவுடர் ஒற்றினாள்.

காந்தி சிலைக்கு எதிரே ஒரே கூட்டம். சாயங்காலம் ஆனால் அந்தச் சாலையில் வண்டி விடுவதில்லை என்பதால் சனங்கள் நடுரோட்டில் குழந்தைகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர், பாறை மேல் இறங்கியவர்களைப் பார்த்து விசிலடித்துக்கொண்டே இருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகளையும், கடலைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் வைத்துச் சொல்கிறேன், எங்களைப் போலவே இன்னும் இரண்டு தற்செயல் குடும்பங்கள் அங்கே இருந்தன.

"அட, நீங்களா! இன்னா இந்தப் பக்கம்?" என்று மாமா கத்தினார். இவ்வளவு மோசமாக நடிக்க யாராலும் முடியாது. மாப்பிள்ளையின் அம்மா அதற்கே சிரித்துவிட்டார். எனக்கு அந்தம்மாவை அப்போதே பிடித்துப் போயிற்று.

"நீங்க ரெண்டு பேரும் அப்படியே நடந்துட்டு வாங்க" என்று என்னையும் மாப்பிள்ளையையும் அனுப்பினார்கள்.

நான் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பேன். அவருக்கு நல்ல நரம்பு, தேடவே வேண்டாம். டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. நகத்தில் கொஞ்சம் கிரீஸ் மிச்சமிருந்தது.

"எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துரும்ங்க" என்றார். "போன தபா ரத்தம் எடுக்க வந்தவங்க என் தலையில தண்ணி தெளிச்சிக்கினு நின்னாங்க."

சிரித்தேன். பெண் பார்க்கிற இடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் சுண்டல் வாங்கினார், முதலில் எனக்குக் கொடுத்தார். என் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லும்போது கடலையோ போனையோ பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்குக் கற்பனையில் வேகம் அதிகம். பழைய லைட் ஹவுஸ் வருவதற்குள் அவருக்கு நான் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். ஒருவரைப் பிடிப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு அதற்கு இடம் கொடுத்ததில்லை.

அப்புறம் அவர் நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. என்னைப் புடிக்கலன்னு சொல்லிடறீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தலை குனிந்துகொண்டு சொன்னார். கோட்டக்குப்பத்தில் ஒரு பெண். அவங்க முஸ்லிம். ஆறு வருஷமாகப் பழக்கம். வீட்டில் சொன்னதற்கு அம்மா மருந்தைக் குடித்துவிடுவேன் என்று பாட்டிலை எடுத்துவிட்டார்களாம். அவராக எந்தப் பெண்ணை வேண்டாம் என்றாலும் காரணம் கேட்டுக் குடைந்துவிடுவார்கள். பெண் வீட்டில் வேண்டாம் என்றால் மட்டும்தான் கேள்வி இல்லை.

"இதுக்கு முன்னாடி பார்த்த ரெண்டு பேரும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார். "உங்களைக் கேக்கத்தான் கஷ்டமா இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஆள் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தாலாவது எனக்குத் திட்டிவிட்டு வரச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரிங்க, சொல்லிடறேன்" என்றேன். கையில் பாதிச் சுண்டல் இருந்தது, பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அம்மாவும் அந்தம்மாவும் சொந்த அக்கா தங்கை மாதிரி உட்கார்ந்து வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அந்தம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து என் தலையில் வைத்து, கன்னத்தைத் தொட்டார். இன்னும் எதுவும் பேசி முடிக்கவில்லையே என்று மாமா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

பேருந்து கிளியனூர் தாண்டும்போது மாமாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் முன் சீட்டிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"யக்கா, அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்காம். வைகாசியிலேயே வெச்சிக்கலாமான்னு கேக்கறாங்க!"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. என் தலையில் இருந்த பூவைத் தொட்டுச் சரி செய்தாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. அவரால் மறுக்க முடியாது. வைகாசியில் தாலி கட்டுவார், என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்வார், கொஞ்ச நாளில் பழகிவிடுவார், எத்தனையோ பேர் பழகவில்லையா? அப்படி நினைத்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரை அவரோடு குடும்பம் நடத்தினேன். பிறகு அவர் ஒவ்வொரு நாளும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கோட்டக்குப்பத்தை நினைப்பதைப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு போட முடியாது.

"எனக்கு வேணாம்மா" என்றேன்.

"இன்னா வேணாம்?"

"அவரு வேணாம். புடிக்கல."

மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இதோட பெரிய பேஜாராப் போச்சுக்கா! வர்றவன் எல்லாம் வேணாம்னு போறான், வேணும்னு ஒருத்தன் சொன்னா இது வேணாங்குது" என்று பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா மட்டும் கத்தவில்லை. "அந்தப் புள்ளகிட்ட இன்னாடி குறை கண்ட?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குறை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "பேச்சு சரியில்லம்மா. மூஞ்சியைக்கூடப் பார்க்காம, வெடுக்கு வெடுக்குன்னு பேசறாரு" என்றேன்.

அம்மா என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பேருந்துக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். மறைக்க முடியவில்லை.

"புடிக்கலன்னா எதுக்குடி அழுவுற?" என்றாள்.