காயாத உப்புக்கண்டம்

என் கணவரின் ஊர் குடியாத்தம் பக்கத்தில், மலையடியில் இருந்தது. அவர் சுரங்க வேலை பார்த்த தங்கவயலிலிருந்து மூன்று நாள் நடை. வழியில் ஊர்கள் உண்டு. ஆனால் எங்கள் சாதிக்காரர்களைக் கிணற்றுப் பக்கமே விடமாட்டார்கள். சோறு யார் போடுவார்? அதனால் அவர் கிளம்பும்போதெல்லாம் மூன்று நாளுக்கு வேண்டியதை நான் காயவைத்துக் கட்டிக்கொடுப்பேன். வடித்த சோற்றை உதிர்த்து வெயிலில் போட்டால் கல் மாதிரி ஆகிவிடும். ஓடைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் மறுபடி சோறு. கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போடுவேன். எங்கள் மூங்கில் தட்டி வீட்டுக்கு எதிரே, தங்கப் பாறையை அரைக்கிற மில் கொட்டிய மண்மேடு. காற்றடித்தால் தூள் வந்து விழும் என்று துணி மூடிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஓர் ஐப்பசியில், மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதாக ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னான். மேஸ்திரி உடனே லீவு தரவில்லை, மூன்று நாள் போகட்டும் என்றார். அந்த மூன்று நாளும் தூறல் நிற்கவில்லை. சோற்றை முறத்தில் பரப்பி அடுப்பு மேல் வைத்தேன். கறியைப் புகையில் தொங்கவிட்டேன். கிளம்புகிற காலையில் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தேன். மேலே முறுக்கிக்கொண்டிருந்தது; உள்ளே ஈரம்.

"காஞ்சிச்சா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"காஞ்சிடுச்சி. எடுத்துக்குனு போங்க" என்றேன்.

காயவில்லை என்று சொன்னால் வெறுங்கையோடு கிளம்பிவிடுவார் என்று பயந்தேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினார். மொட்டைத் தலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் நாளே சோறு பூசணம் பிடித்துவிட்டதாம். பசி பொறுக்காமல் கறியைச் சுட்டுத் தின்றிருக்கிறார். பேதி கண்டு, காட்டில் ஒரு பாறை அடியில் மூன்று நாள் கிடந்திருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாளே அம்மாவை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். கடைசி வரைக்கும் பெரியவன் வந்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

மழையைத்தான் அவர் குறை சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து அவர் சாப்பிட உட்கார்ந்தால், பரிமாறிவிட்டு வெளியே போய்விடுவேன்.

நாலைந்து வருஷம் போயிற்று. சுரங்கத்தில் பாறை விழுந்து கால் முறிந்து அவர் வீட்டில் கிடந்தார். ஒரு மத்தியானம் கட்டு மாற்றும்போது, ஈரம் என்று தெரிந்தேதான் கட்டிக்கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.



"மூட்டையத் தூக்கும்போதே வாடை வந்துச்சி" என்றார். "மறுபடி கேட்டா, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்கன்னு சொல்லுவ. அதான் கேக்கல."

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அந்தத் தாய் மகனைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். இரண்டு பேருமே தெரிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறோம்.

கால் சேர்ந்ததும் அவர் மறுபடி சுரங்க ஷாப்டில் இறங்கினார். ஊர்ப்பக்கம் பிறகு போகவே இல்லை.