பவித்திரத்துக்கு விரல் இல்லை

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து, அடையாறு ஆற்றோரம் இருந்த ஒரு சின்னப் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டப்பா மூடி அடிக்கிற பட்டறை. அப்பா திடீரென்று போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன் நான். பிரஸ் மெஷினில் தகரத்தை வைத்துக் காலால் மிதித்தால் ஓர் அடி விழும், மூடி தயார். ஒரு மிதிக்கு ஓர் அடி, அதுதான் கணக்கு. அன்று மூடியை எடுக்கக் கை நீட்டினேன். நான் மிதிக்காமலே இரண்டாவது அடி விழுந்தது.

வலது கை மோதிர விரல் அடியோடு போய்விட்டது. முதலில் வலிக்கக்கூட இல்லை. “நான்தான் மிதிக்கலையே, நான்தான் மிதிக்கலையே” என்று புலம்பிக்கொண்டிருந்தேனாம். பக்கத்து மெஷின்காரர் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விரலையும் தேடி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வந்திருந்தார். ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டு முடித்ததும் மெஷின்காரர் என் காதருகே குனிந்து, “ஐயரே, இத்த இன்னா பண்றது?” என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கடைசியில் அவரே ஆற்றோரம் புதைத்து, ஒரு கற்பூரமும் ஏற்றிவிட்டு வந்தார். அதைக் கேட்ட அம்மாவுக்கு வேறு குழப்பம். விரலுக்குத் தீட்டு உண்டா, தலைக்கு ஸ்நானம் பண்ண வேண்டுமா? அழுதுகொண்டே கேட்டாள்.

காயம் ஆறியது. முதலாளி என்னை மெஷினிலிருந்து எடுத்து, மூடி அடுக்குகிற வேலையில் உட்காரவைத்தார். சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று புரியவில்லை. அதே மெஷினில் இப்போது வேறொருவர் மிதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடி விழும்போதும் என் கை தானாகப் போய் வேட்டி மடிப்பில் ஒளிந்துகொள்ளும்.

கட்டு இருந்தவரை அமாவாசைத் தர்ப்பணம்கூட விட்டுப்போயிருந்தது. அதற்குள் அப்பாவின் திவசம் வந்துவிட்டது. மூத்த பிள்ளை நான்தான் செய்ய வேண்டும். தர்ப்பையில் முடிந்த மோதிரம்தான் பவித்திரம். அதை வலது மோதிர விரலில் போட்டுக்கொண்டுதான் எதையும் ஆரம்பிக்க வேண்டும்.

சாஸ்திரிகள் பவித்திரத்தை நீட்டினார். பழக்கத்தில் நானும் கையை நீட்டினேன். அவர் கை அந்தரத்தில் நின்றது.

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். “இவன் தம்பியைப் பண்ணச் சொல்லிடலாமே. இவன் அங்கஹீனம் ஆயிட்டானோன்னோ?”

விரல் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அப்பாவுக்கு நான் பிள்ளையா இல்லையா என்றே சந்தேகமாகிவிட்டது.

“இந்தாத்துக்குச் சம்பாதிக்கப் போய்த்தானே அவன் விரல் போச்சு?” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

சாஸ்திரிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எனக்கும் தெரியலைடா குழந்தே. என்னண்ட இதுவரைக்கும் யாரும் இப்படி வந்ததில்லே” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, சட்டென்று பவித்திரத்தை என் நடுவிரலில் மாட்டினார். “தப்பா இருந்தா அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். நீ ஆரம்பி.”

மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தபோது தர்ப்பை குத்தியது. நடுவிரலில் இல்லை, இல்லாத அந்த விரலில். குனிந்து குனிந்து பார்த்தேன். ஆற்றோர மண்ணுக்குள் கிடக்கிற விரலில் எப்படிக் குத்தும்? பயமாகவும் இருந்தது, ஏனோ ஆறுதலாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இத்தனை வருஷமாக நடுவிரலில்தான் மாட்டிக்கொள்கிறேன். சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்ன செய்வது என்று தங்களுக்கே தெரியாதபோதும் எனக்காக ஏதோ ஒன்றைச் செய்த அந்த இரண்டு பேரை, கற்பூரம் ஏற்றியவரையும் பவித்திரம் மாட்டியவரையும், நினைக்காமல், ஒரு திவசத்தையும் நான் ஆரம்பித்ததில்லை.