கால் வச்ச தண்ணி

எனக்கும் பக்கத்துக் காம்பராக்காரிக்கும் பேச்சில்ல. லயத்துல யாரக் கேட்டாலும் ஆமையாலதான்னு சொல்லுவாங்க. சுத்தப் பொய். ஆமை வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் திரிஞ்சோம். அத மொதல்ல சொல்லிட்டு ஆமைக்கு வாறேன்.

எங்க லயம் லிந்துலையில இருந்து மேல ஏறுற ரோட்டுல இருக்கு. தேயிலைத் தோட்டத்துல ஒரே கூரைக்குக் கீழ, குடும்பத்துக்கு ஒண்ணா பன்னெண்டு காம்பரா, ஒரே ஒரு பீலி. மலையில ஊறுற தண்ணி குழாய் வழியா வந்து அதுல விழும். மழைக்காலத்துல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். தை வந்தா நூலு மாதிரி ஒழுகும். அப்ப வீட்டுக்கு நாலு கொடம்னு முறை வச்சுக்குவோம். விடியக்காலம் பெரட்டுல பேர் குடுக்க ஓடுறதுக்குள்ள புடிச்சாகணும், இல்லாட்டி அன்னிக்குச் சோறு ஆக்கத் தண்ணி கெடையாது.

அன்னிக்கு என் முறை. மூணாவது கொடம் நெறையப் போவுது. அவ வேகமா வந்தா. வந்தவ சேத்துக் கால நீட்டி என் கொடத்துக்கு மேலயே கழுவினா. தெறிச்ச தண்ணி உள்ள விழுந்தத நான் கண்ணால பாத்தேன். கொடத்தத் தூக்கி, வரிசையில நிக்கிற அத்தன பேரும் பாக்கப் பாக்க, முழுத் தண்ணியையும் சாக்கடைக் கான்ல கவுத்தேன்.

"ஏய், என் கால் பட்டா ஒனக்குத் தீட்டா?"ன்னா.

"எவ காலா இருந்தாலும் கால் தண்ணி கால் தண்ணிதான். நான் குடிக்க மாட்டேன்"னேன்.

தண்ணி இல்லாத காலத்துல ஒரு கொடத்தக் கவுத்துட்டாளேன்னு எல்லாரும் வாயில கைய வச்சாங்க. வைக்கட்டும். எனக்கு இந்தப் புத்தி சும்மா வரல. கல்யாணத்துக்கு முன்னாடி கொழும்புல ஒரு வீட்டுல மூணு வருசம் வேலைக்கு நின்னேன். மேசையில அவுங்க குடிச்சு மிச்சம் வச்ச கிளாஸ் தண்ணியையெல்லாம் அந்த வீட்டுக்கார நோனா ஒரு போத்தல்ல ஊத்தி வைப்பா. "இது ஒனக்கு, வீணாக்காத"ம்பா. மூணு வருசம் ஊராரு எச்சியக் குடிச்சேன். ஊருக்குத் திரும்பின அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், என் வீட்டுல எந்த சீவனும் எச்சித் தண்ணி, அழுக்குத் தண்ணி குடிக்கப்படாதுன்னு.

இப்ப ஆமை. எங்க வீட்டுக்காரரு லொறி ஓட்டுறாரு. இங்க இருந்து கோவா, லீக்ஸ், கரட்னு மரக்கறி ஏத்திக்கிட்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போயிட்டு வருவாரு. ஒரு நாள் காலையில ஒரு கூடையோட எறங்கினாரு. கூடைக்குள்ள பாத்தா ஆமை. முதுகு பூரா மஞ்சக் கோடு, ஓரத்துல ஓடு கொஞ்சம் ஒடஞ்சிருக்கு.

"தம்புள்ளைப் பக்கம் ரோட்டக் கடந்துக்கிட்டு இருந்துச்சு புள்ள. எவனோ டயர ஏத்திட்டுப் போயிட்டான். விட்டுட்டு வர மனசில்ல"ன்னாரு.

"வர்ற வழியில அரிசி கொண்டாங்கன்னா ஆமையக் கொண்டாந்து நிக்கிறீங்களே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா?"ன்னு நான் புடிச்சேன் ஒரு புடி. சத்தியமா அன்னிக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள பக்கத்துக் காம்பராக்காரி வாசல்ல நின்னுக்கிட்டு லயத்துக்கே கேக்குற மாதிரி ஆரம்பிச்சா. "ஆமையா! வீட்டுக்குள்ள ஆமை வந்தா ஆகுமா? பீலி ஏற்கனவே வத்திக்கிட்டு வருது. இனி சொட்டுத் தண்ணி வந்த மாதிரிதான்."

அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல கோவம். "ஏங்க, அது இங்கயே இருக்கட்டும். எவ என்ன பண்றான்னு நானும் பாக்குறேன்"னு கூடைய உள்ள இழுத்துட்டேன்.

வீம்புக்கு வச்சதுதான், மறைக்க மாட்டேன். ஆனா ரெண்டு வாரத்துல அது என்ன ஏமாத்திருச்சு. மலையில இருந்து கொழுந்துக் கூடைய எறக்கி வச்சுட்டு வந்து கதவத் தொறந்தா, கழுத்த நீட்டி என்னப் பாக்கும். கோவா எலையக் கிள்ளிக் கையில வச்சா கறுக் கறுக்குன்னு திங்கும். நான் திட்டினாலும் பதில் பேசாத ஒரே ஆளு எங்க வீட்டுல அதுதான். குளிர் தாங்காதுன்னு அடுப்படிக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுக்க வச்சேன். பாசம் வந்துருச்சுங்க, வேற என்ன சொல்ல.

தண்ணி வைக்கிறதுலதான் எனக்கும் அதுக்கும் சண்ட. மொத நாள் ஒரு சாப்பாட்டுத் தட்டுல தண்ணி ஊத்தி முன்னாடி வச்சேன். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? நேரா ஏறி தட்டுக்குள்ள நாலு காலையும் வச்சுக்கிட்டு நின்னுச்சு. நின்னதும் இல்லாம அதுக்குள்ளயே ஒண்ணுக்கு அடிச்சுச்சு. அப்புறம் மூஞ்சியக் கவுத்துக்கிட்டு வாயக் கொண்டுபோகுது! அடச்சீ! ஓடிப்போயித் தூக்கி வெளிய வச்சு, தண்ணியக் கான்ல கொட்டி, தட்டச் சாம்பல் போட்டு வெளக்கினேன். திரும்ப வச்சேன். திரும்ப ஏறுச்சு. "ஏய் மூதேவி, குடிக்கிற தண்ணியில கால வைப்பாங்களா? ஒன்ன எவ வளத்தா?"ன்னு கத்தினேன்.

நாலு நாள் இந்தக் கூத்து. அஞ்சாம் நாள் ஒரு வழி கண்டுபுடிச்சேன். நல்ல ஆழமான செரட்டை ஒண்ண எடுத்துத் தேச்சு வழுவழுன்னு ஆக்கி, அதுல தண்ணி ஊத்தி, கால் வைக்க எடம் இல்லாம சுத்தி வரக் கல்ல அடுக்கினேன். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா. எங்க நாலு கொடத்துல மொதத் தண்ணி அதுக்குத்தான். எங்க வீட்டுக்காரரு கூட, "எனக்குத் தேத்தண்ணி ஊத்த யோசிக்கிற, அதுக்கு மூணு வேளையா?"ன்னு கேலி பண்ணுவாரு. ஒவ்வொரு வாட்டியும் செரட்டையப் பாப்பேன், தண்ணி ஒரு வெரக்கட கொறைஞ்சிருக்கும். குடிச்சிருச்சுன்னு எனக்கு ஒரே பெரும. அடுப்புச் சூட்டுல தண்ணி வத்தும்னு இந்த மரமண்டைக்கு ஏறவே இல்ல.

அதுக்கப்புறம் அது வீட்ட விட்டு நழுவ ஆரம்பிச்சுச்சு. பின்கதவு கொஞ்சம் தொறந்திருந்தா போதும், வேலிக்கு அடியால பூந்து பக்கத்துக் காம்பரா கொல்லைக்குப் போயிரும். அங்க அவ பானசட்டி கழுவுற கல்லு இருக்கு. கழுவின தண்ணி பள்ளத்துல தேங்கி நிக்கும். அதுல போயி நின்னுக்கும்.

"ஏய், ஒன் ஆமை இங்க வந்து நிக்குது. அதுக்குத் தண்ணி கிண்ணி வைக்கிறியா இல்லையா?"ன்னு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் போட்டா.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. மூணு வேளையும் தேச்சு ஊத்துறவளப் பாத்து இவ கேக்குறா! "ஒன் சட்டி கழுவின தண்ணிக்குத்தான் என் வீட்டு ஆமை ஏங்கிக் கெடக்குது பாரு"ன்னு சொல்லிக்கிட்டே போயி வெடுக்குன்னு தூக்கினேன். அதோட வாயில இருந்து தண்ணி ஒழுகுச்சு. சோப்புத் தண்ணியக் குடிச்சுத் தொலைச்சிருச்சேன்னு பதறிட்டேன். இவ வேணும்னே சோப்ப ஊத்தி வச்சிருக்கான்னு கூட நெனச்சேன்.

அடுத்த வாரமும் அப்படியே. அன்னிக்கு அவ கொஞ்சம் கொரலத் தணிச்சுத்தான் பேசினா. "இந்தா, சொன்னாக் கேளு. நான் பாத்தேன். அது தண்ணிக்குள்ள நின்னாத்தான் குடிக்குது. நீ வைக்கிற செரட்டையில அதுக்கு எப்படி எட்டும்?"

"கால் தண்ணியக் குடிச்சுப் பழகினவுங்களுக்கு எல்லாம் அப்படித்தான் தோணும்"னேன்.

அவ மூஞ்சி செத்துப்போச்சு. சரியாப் போட்டேன்டி ஒனக்குன்னு அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கினேன். மறுநாளே வேலிக்கு அடியில தகரத்த அடிச்சு அந்த ஓட்டைய அடைச்சுட்டேன்.

பங்குனி பொறந்துச்சு. ஒரு பொட்டு மழ இல்ல. ஆமை கோவா எலைய மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். கண்ணு உள்ள போயிருச்சு. கழுத்துத் தோலு தொங்குச்சு. வேற எங்கயும் நடக்கிறதில்ல, தகரத்துக்கிட்ட போயி மூஞ்சிய முட்டிக்கிட்டுப் படுத்துக்கும். குளிர்தான் காரணம்னாரு எங்க வீட்டுக்காரரு. சாக்க இன்னும் அடுப்புக்கிட்ட இழுத்து வச்சேன். செரட்டையையும் இழுத்து வச்சேன். தண்ணி இன்னும் வேகமாக் கொறைஞ்சுச்சு. பாவம், தாகமா இருக்கு போலன்னு நாலாவது வேளையும் ஊத்தினேன். "சாகாதடா, என்ன விட்டுட்டுப் போயிராத"ன்னு அதுக்கிட்ட ஒக்காந்து அழுதிருக்கேன், தெரியுமா?

ஒரு ஞாயித்துக்கெழம. எங்க வீட்டுக்காரரு தம்புள்ளைக்குப் போயிட்டாரு. வாசல்ல ஒரு ஜீப் வந்து நின்னுச்சு. காக்கி உடுப்புல ஒரு சிங்கள மாத்தயா எறங்கினாரு, வனசீவி ஆபீஸ்னு சொன்னாரு. இந்த ஆமைய வீட்டுல வளக்கிறது சட்டப்படி குத்தமாம், யாரோ அறிவிச்சிருக்காங்களாம். யாரு அறிவிச்சாங்கன்னு கேக்க வேண்டியதே இல்ல. அவ வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா. கண்ணத் திருப்பவும் இல்ல.

"நாசமாப் போறவளே, ஒன் வயித்தெரிச்சல் இப்பத் தீந்துச்சா?"ன்னு நான் கத்தின கத்துல லயமே கூடிருச்சு.

மாத்தயா ஆமையக் கையில எடுத்துப் பாத்தாரு. கண்ணப் பாத்தாரு, கழுத்துத் தோலக் கிள்ளிப் பாத்தாரு. கிள்ளின எடம் அப்படியே நின்னுச்சு. என்னப் பாத்து, "வத்துர துன்னே நெத்த?"ன்னாரு. தண்ணியே குடுக்கலையான்னு கேக்குறாரு. என்னையக் கேக்குறாரு!

விறுவிறுன்னு உள்ள போயி செரட்டையக் கொண்டாந்து மூஞ்சிக்கு முன்னாடி நீட்டினேன். தெரிஞ்ச சிங்களத்துல, ஒரு நாளைக்கு நாலு வாட்டி மாத்தயா, பீலித் தண்ணி, மொதத் தண்ணின்னு சொன்னேன். அவரு செரட்டையப் பாத்தாரு, அடுப்படியில அடுக்கியிருந்த கல்ல எட்டிப் பாத்தாரு. தலையில கைய வச்சுக்கிட்டு, தட்டையா ஒரு பாத்திரம் கொண்டான்னாரு.

"அதுல கால வைக்கும் மாத்தயா. அழுக்காயிரும்"னேன்.

நான் நின்ன எடத்துல நின்னேன். அவதான் போனா. அவ வீட்டு எனாமல் தட்டுல, அன்னிக்கு அவ பங்குக்குப் புடிச்ச கொடத்துல இருந்து தண்ணி ஊத்திக் கொண்டாந்து கீழ வச்சா. மாத்தயா ஆமைய அதுக்குள்ள எறக்கி விட்டாரு. கொஞ்ச நேரம் சும்மா நின்னுச்சு. அப்புறம் மூக்கு முங்க மூஞ்சியத் தண்ணிக்குள்ள விட்டுச்சு. தொண்ட ஏறி எறங்குச்சு. ஏறி எறங்குச்சு. நிக்கவே இல்ல. தண்ணி பாதியாச்சு, அவ இன்னொரு செம்பு ஊத்தினா. அதுவும் கொறைஞ்சுச்சு. அத்தன பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எத்தன நாள் தாகம் அது? மொத நாள் தட்டுல வாய வச்சப்போ நான்தானே தூக்கி வெளிய வச்சேன்? நான்தானே தகரம் அடிச்சேன்?

மாத்தயா பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சாரு. எழுதுறதச் சத்தமா வாசிச்சுக்கிட்டே எழுதினாரு. தண்ணி குடுக்காமக் கொடும பண்ணியிருக்காங்கன்னு. ஆமை குடிக்கிறதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"அப்படி எழுதாதீங்க மாத்தயா"ன்னு ஒரு கொரல். அவதான். எனக்கு வர்ற சிங்களத்த விட அவளுக்கு நல்லா வரும். "நாலு வேளையும் வச்சா. நான் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து தெனம் பாத்தேன். அவ சாப்புடுறதுக்கு முந்தி அதுக்குத்தான் ஊத்துவா. நின்னாத்தான் அது குடிக்கும்னு அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான். செத்துரக் கூடாதேன்னுதான் ஒங்களுக்குச் சொல்லி அனுப்பினேன், இவள மாட்டி விடுறதுக்கு இல்ல."

மாத்தயா அந்த வரிய அடிச்சாரு. என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டு, ஆமையப் பெட்டியில வச்சு ஜீப்ல ஏத்தினாரு. பொழைச்சுக்கும், தம்புள்ளைப் பக்கமே கொண்டுபோயி விடுவோம்னாரு. நான் தலைய ஆட்டினேன். ஜீப்பு போன பொறவு அவ தட்ட எடுத்துக்கிட்டு என்னக் கடந்து போனா. ஏதாச்சும் குத்திப் பேசுவா, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பா, பதிலுக்குக் குடுக்கணும்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். அவ நேராப் போயிக் கதவச் சாத்திக்கிட்டா.

இன்னிக்கும் பேச்சில்ல. பீலியில அவ வந்தா நான் கொடத்த எடுத்துக்கிட்டு வந்துர்றேன். இன்னும் திமிர் அடங்கல பாருன்னு லயத்துல பேசிக்கிறாங்க. பேசட்டும். என்னக் காட்டிக் குடுத்தாளேன்னு இருந்த கோவம் அன்னிக்கே போயிருச்சு. ஆனா அத்தன பேருக்கு முன்னாடி எனக்காகப் பேசினா பாருங்க, அதத்தான் தாங்க முடியல. அவகிட்ட பேசணும்னா, நான்தான்டி அதக் காய வச்சேன்னு மொதல்ல என் வாயால சொல்லணும். அது வர மாட்டேங்குது.