கண்ணாடித் தண்ணியில் ஊறிய முட்டைகள்

மகன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கப் போன வாரம் போயிருந்தேன். மேஸ்திரி சிமெண்டுத் தரையில் எதையோ பூசிக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெய் போலக் கெட்டியாக, ஆனால் நிறமும் வாசனையும் இல்லாத சரக்கு. கையில் உறை இல்லை. "கையில பட்டதைக் காய விடாதீங்க, உடனே கழுவிடுங்க, கண்ணுல மட்டும் படவே கூடாது" என்றேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். டின்னில் சோடியம் சிலிக்கேட் என்று போட்டிருந்தது. எனக்கு உடனே கூழ்முட்டை நாற்றம் வந்துவிட்டது.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். வாத்தியார் வேலைக்குப் போவதற்கு முன்னால், யுத்த காலத்தில், பென்னாகரத்தில் ஒரு முட்டைக் கிடங்கில் எனக்கு வேலை. பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு முட்டை அனுப்பும் காண்டிராக்டர் ஒருவர் நடத்தியது அது. ஐஸ் பெட்டியெல்லாம் எங்கள் பக்கம் யாரும் கண்ணால் கண்டதில்லை. கோழியோ சர்க்கார் உத்தரவுக்கு முட்டையிடாது. மாசியில் கொட்டும், மழைக்காலத்தில் கையை விரிக்கும். ஆகவே மலிவாக வரும்போது வாங்கி, சிலிக்கேட்டைத் தண்ணீரில் கலந்து, பெரிய பீங்கான் ஜாடிகளில் ஊற்றி, முட்டைகளை முழுக வைத்துவிடுவோம். ஓட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களை அது அடைத்துவிடும். ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் மஞ்சள் கரு கலங்காமல் இருக்கும்.

ஊரில் அதற்குக் கண்ணாடித் தண்ணி என்று பேர். பேர் சரிதான், ஏனென்றால் காய்ந்தால் கண்ணாடியேதான். சிந்தினால் முதலில் வழுக்கும், காய்ந்த பிறகு காலைக் கிழிக்கும். முதல் மாதமே வழுக்கி விழுந்தும், கிழித்துக்கொண்டும் இரண்டையும் சரிபார்த்தவன் நான். அலுமினியப் பாத்திரத்தில் கலந்து, அது நுரைத்துப் பொங்கியதைக் கண்டு வெளியே ஓடியதும் உண்டு. வேட்டியில் பட்டதைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போன அன்று, "இது வேட்டியா, தகரமா?" என்று என் மனைவி கேட்டாள். புதிதாகக் கல்யாணமானவன் வாங்கிக்கட்டிக்கொள்ளும் கேள்வியா அது?

அந்த முட்டையை வேகவைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓடு அடைபட்டிருப்பதால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை. ஊசியால் ஒரு குத்துக் குத்தாமல் கொதிக்கும் நீரில் போட்டால் வெடிக்கும். ஒகேனக்கல்லுக்குக் கூட்டாஞ்சோறு ஆக்கப் போனபோது நாங்கள் குத்த மறந்தோம். பாறைமேல் வைத்த பானைக்குள் முட்டைகள் பட்பட்டென்று வெடித்ததில், பரிசல்காரர் ஒருவர் சப்பான்காரன் வந்துவிட்டானோ என்று துடுப்பைக் கீழே போட்டுவிட்டார்.

சரி, நான் சொல்ல வந்த கெம்பக்காவிடம் வருகிறேன். பென்னாகரத்துக்கு மேற்கே கன்னடம் பேசும் நாலைந்து வீடுகள் உள்ள ஒரு சிற்றூர் அவருடையது. புருஷனுக்குக் கால் விழுந்துவிட்டது. ஊரில் வீடுவீடாக முட்டை சேகரித்து, கூடையைத் தலையில் வைத்து எங்களிடம் கொண்டுவருவார். அந்தக் கூடையில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. மற்றவர்கள் கொண்டுவரும் முட்டைகளில் எச்சமும் வைக்கோலும் ஒட்டியிருக்கும். கெம்பக்காவுடையதோ பல் விளக்கிவிட்டு வந்ததுபோல இருக்கும். எங்கள் சூப்பர்வைசர் பட்டணத்துக்காரர், சுத்தத்தில் பைத்தியம். கெம்பக்காவின் முட்டையைத் தூக்கிக் காட்டி, "இப்படிக் கொண்டு வாங்கய்யா" என்று மற்றவர்களைத் திட்டுவார். நல்லவேளையாக எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் நல்லவேளை என்கிறீர்களா? ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. ஜாடிகளைத் திறந்து பார்த்தோம். அந்த நாற்றத்தை எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன். அழுகியவை எல்லாவற்றிலும் ஒரே அடையாளம். எங்கள் பக்கத்தில் யார் கொண்டுவந்த முட்டை என்று தெரிவதற்குக் கரியால் குறி போடுவார்கள். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் பெருக்கல் குறி. கெம்பக்காவினுடையது ஒற்றைப் புள்ளி.

அழுகியதெல்லாம் புள்ளி முட்டை.

சூப்பர்வைசருக்கு முகம் கறுத்துவிட்டது. பார்வைக்குப் பளபளப்பாக்கிப் பழைய முட்டையைத் தள்ளிவிடுகிறாள் என்றே முடிவு கட்டினார். நானோ அவற்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். வந்த அன்று எல்லாம் புது முட்டைகளே. சொன்னேன், அவர் கேட்கவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, இனி அவளுடையதைத் தனிச் சின்ன ஜாடியில் போடு, இரண்டு மாதம் கழித்துத் திறப்போம், கெட்டிருந்தால் வாசப்படி ஏறக் கூடாது என்றார்.

கெம்பக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "கூழ்முட்டக்காரின்னு பேரு வந்துட்டா, எங்கூர்ல ஒருத்தரும் என் கூடையில முட்ட வெக்க மாட்டாங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் கொண்டுவந்த முட்டைகள் முன்னைவிட இரண்டு மடங்கு மின்னின.

ஜாடியைத் திறந்த அன்று கெம்பக்காவும் வந்திருந்தார். முட்டை கொண்டுவந்த மற்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மேல் அடுக்கிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தேன். நல்லது. அடுத்ததும் நல்லது. மேலடுக்கு முழுவதும் நேற்று இட்டதுபோல இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டாவது அடுக்கில் கை வைத்தேன்; கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியது. அதற்குக் கீழே இருந்ததும் அப்படித்தான்.

"மேல இருக்கறது யாரோடது?" என்றார் சூப்பர்வைசர். ஓட்டைப் பார்த்தேன். அதே புள்ளிதான். ஆனால் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது, ஒன்றில் ஒரு சிறகுகூட.

கெம்பக்கா தலையைக் குனிந்துகொண்டார். கூழ்முட்டைக்காரி என்ற பேச்சுக்குக் குனியாத தலை அது. அந்த ஜாடிக்குக் கடைசியாகக் கொடுத்த கூடை முட்டைகளை மட்டும் கழுவாமல் கொண்டுவந்ததாகச் சொன்னார். "கெணத்துல தண்ணி வத்திப்போச்சுங்க. குடிக்கவே இல்ல. அழுக்கோட குடுத்துட்டனேன்னு அன்னிக்கி எனக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க."

மற்ற நாட்களில் என்ன செய்வாய் என்று கேட்டார் சூப்பர்வைசர். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவாராம். அடுத்தவர் வாய்க்குப் போகிற பொருளை அழுக்கோடு கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கமில்லை.

முட்டையோடு பிறக்கும் மெல்லிய பூச்சு ஒன்று ஓட்டின்மேல் உண்டு. தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். கெடுக்கிறதெல்லாம் உள்ளே நுழைய வழி திறந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணாடித் தண்ணியில் போட்டு என்ன புண்ணியம்? இது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஊரெல்லாம் கழுவிக் கொண்டுவா என்று தொண்டை கிழியக் கத்திய மனுஷர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தோம், கெம்பக்காவைத் தவிர. "இனிமே கழுவாதேம்மா, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று அவர் கும்பிட்டபோது, கெம்பக்கா அரண்டுபோய், "பேடா சாமி, வேணாம், கும்பிடாதீங்க" என்றார்.

அதன் பிறகு கழுவாமல்தான் கொண்டுவந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. கூடையைக் கழுவினார், கூடைக்குள் வாரா வாரம் புது வேப்பிலை பரப்பினார், மேலே வெளுத்த துணி போட்டு மூடினார். அழுக்கு முட்டையை என் கையில் கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

யுத்தம் முடிந்தது. கிடங்கை மூடினார்கள். ஜாடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று, கெம்பக்கா கூடையோடு வந்தார். வாங்க ஆளில்லையே அக்கா என்றேன். விற்க வரவில்லை, எனக்கும் என் மனைவிக்கும் கொடுக்க வந்தாராம். துணியை விலக்கினார். அத்தனையும் பளபளவென்று இருந்தன, கரிப்புள்ளிகூட இல்லை.

"ஜாடிக்குப் போகலியே, இனிக் கழுவலாமில்லீங்க தம்பி?" என்றார், என் முகத்தைப் பார்த்து.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ் இப்போது இல்லை. நாங்கள் முட்டைப் பெட்டி ஏற்றிய மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்கும் ரயில்களும் வேறு. கிடங்கு இருந்த இடத்தில் துணிக்கடை. கெம்பக்காவின் ஊரில் விசாரித்தேன். அவரைத் தெரிந்தவர்கள்கூட யாரும் மிஞ்சவில்லை. கொடுக்கிற பொருளில் தூசி இருந்தால் சோறு இறங்காத ஓர் ஆளை, அதற்குப் பிறகு நான் எங்கும் சந்திக்கவில்லை.