மகன் டீமுல லட்சுமணசாமி

லட்சுமணசாமி அண்ணன் கணபதி ஏரியாவுல பம்பு பார்ட்ஸ் கடையற பட்டறை வெச்சிருக்கறவரு. அவரு என் மொபைல் கடையில உக்காந்து, போன் கேமுல ஓடற ஆளுக்கு மயில்கழுத்துக் கலர்ல கோட்டு வாங்குனாருன்னா நம்புவீங்களா? சாயம் போகுமான்னு வேற கேட்டாரு. தொவைச்சாத்தானுங்ணா போகும்னேன். சிரிக்கல.

எல்லாம் அவரு மகன் சாய்குமாரால வந்தது. போத்தனூர் லின்சியைக் கட்டிக்கிட்டான், சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு. ஊட்டுப்படி ஏறாதேன்னுபோட்டாரு இவரு. அவன் பெருந்துறைக்குப் போயி வேலை, குடித்தனம்னு ஆயிட்டான். அப்பறம் இவரு மனசு எளகி போன் பண்ணுனா, அவன் எடுக்கல.

ஆனா சாயங்காலமானா துப்பாக்கி கேமுல இருப்பான். முந்தி அதுக்கு எங்கடையிலதான் காசு கட்டுவான், கேமுல அவன் வெச்சிருக்கற பேரு எனக்குத் தெரியும். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம அதை அண்ணன்கிட்டச் சொல்லிப்போட்டேன்.

மொதல்ல வேற பேருல, கேமுல குடுக்கற ஓசித் துணியோட மகன் டீமுக்குள்ள போனாரு. பிச்சைக்காரன் வந்துட்டான்னு பசங்க தொரத்திட்டானுங்க. அதுக்குத்தான் கோட்டு. குண்டு பட்டா அது தாங்காது, வெறும் சோக்கு. ஆனா அதைப் பாத்ததும் சேத்துக்கிட்டானுங்க. கொரலைக் கேட்டா மகன் கண்டுபுடிச்சு தொரத்திருவான்னு, மைக்கை மட்டும் போடவே மாட்டாரு. ஆட்டம் ஆரம்பிச்சதுமே செத்துப்போவாரு. செத்தாலும் மகன் பேசறது கேக்குமில்லீங்க, அதுக்குன்னே உக்காந்திருப்பாரு.

போன மாசம் ஒரு நாள் கடையில ஆளில்ல, ஸ்பீக்கர்லயே போட்டிருந்தாரு. சாய்குமாரு சொல்றான்: "எனக்குப் பொண்ணு பொறந்திருக்குடா. இனி கேமுக்கு வர முடியாது, இன்னைக்கே கடைசி. எல்லாருக்கும் ஒரு சட்டை, என் செலவு."

அண்ணன் போன்லயும் ஒரு பூப்போட்ட சட்டை வந்து எறங்குச்சு. பேத்தி பொறந்த சேதி அவருக்கு இப்படித்தான் தெரிஞ்சுது. மூஞ்சியில ஒண்ணுமே காணோம், பில்லைப் பாக்கறாப்பல பாத்துட்டிருந்தாரு. இப்பப் பேசாட்டி அவ்வளவுதானுங்ணான்னு நாந்தான் முடுக்குனேன். மைக்கை அமுத்துனாரு.

"கொழந்தை நல்லாருக்குதுங்களா?"

பெத்த மகனுக்கு 'ங்க' போடறாரு.

"நல்லாருக்காங்ணா. அட, உங்க மைக்கு வேலை செய்யுதா? ரிப்பேருன்னு நெனச்சோம். செரிங்ணா, வாரேனுங்ணா."

போயிட்டான்.

"கொரலு தெரியலையாட்ட இருக்குது"ன்னாரு அண்ணன், மோட்டாரு ஓடலைங்கற மாதிரி. போன்ல எல்லாரு கொரலும் ஒரே மாதிரிதானுங்கன்னு ஒரு பொய்யச் சொன்னேன். பஸ்ஸு ஏறுனா பெருந்துறை என்ன தூரமுங்க, போயி பேத்தியப் பாத்துட்டு வாங்கன்னேன்.

"ஆருன்னு சொல்லிட்டுப் போறது?"

இப்பவும் சாயங்காலம் வாராரு. கேமு கம்பெனிக்காரன் புதுசு புதுசாத் துணி உடறான், இவரு எதையும் வாங்கறதில்ல. மகன் கேமுக்கு வந்தா அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை லைட்டு எரியும்; எரியுதான்னு பாப்பாரு. எரியாது. பூப்போட்ட சட்டையோட அந்த கேமு ஆளு தனியா நின்னுட்டிருக்கும். கடை சாத்தற வரைக்கும் இருந்துட்டு எந்திரிச்சுப் போவாரு.